ஒரு கட்டு கொத்தமல்லிக்கு இரண்டு கிலோமீட்டர்

2020 ஏப்ரல் மாதத்தில் நான் வாங்கிய கொத்தமல்லியை வைத்து ஒரு கல்யாணப் பந்திக்கே ரசம் வைத்திருக்கலாம். வீட்டில் இருந்தது நான் ஒரே ஆள். சமையல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாதம், ரசம், சுட்ட அப்பளம். அதற்கு நாலு இலை கொத்தமல்லி போதும். ஆனாலும் தினமும் காலை ஆறு மணிக்கு மஞ்சப்பையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பி, ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத் திரும்புவேன். காய்கறி விற்கும் கடை எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் போனது பழவந்தாங்கல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு. போக ஒன்று, வர ஒன்று, ஆக இரண்டு கிலோமீட்டர்.

அப்போது கொரோனா ஊரடங்கு, சும்மா நடப்பதற்கு அனுமதி கிடையாது. பூங்காக்களைப் பூட்டிவிட்டார்கள். மளிகையும் காய்கறியும் வாங்கத்தான் வெளியே வரலாம், அதுவும் மதியம் இரண்டரை மணிக்குள். ஏப்ரல் 5ஆம் தேதியிலிருந்து அதை ஒரு மணியாகக் குறைத்தார்கள். ஆகவே கையில் பை இல்லாமல் நடப்பவன் ஊர் சுற்றுகிறவன், பையோடு நடப்பவன் குடும்பஸ்தன். சந்திப்பில் நிற்கும் காவலர் “எங்கே சார்?” என்று கேட்கத் தொடங்கும்போதே நான் பையைத் தூக்கிக் காட்டிவிடுவேன். நாலைந்து நாளில் அவருக்கும் பழகிவிட்டது. கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. “ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொண்டு போகலாமே சார், எதற்குத் தினமும் அலைகிறீர்கள்?” என்று அக்கறையாகவே கேட்டார். கொத்தமல்லி வாடிவிடும் என்றேன். நியாயமான பதில்தான்.

என் மனைவி அப்போது மதுரையில் இருந்தாள். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் வழக்கம். ஆனால் எங்கள் மகளை ரயிலிலோ காரிலோ அவ்வளவு தூரம் கூட்டிப் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், தாய்வீடே மகள் இருந்த இடத்துக்குப் போனது. மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு, எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். பிரசவ மருந்துப் பொடி, லேகியம், பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகள் என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டு போனாள். பழைய வேட்டி என்று அவள் எடுத்ததில் இரண்டு எனக்குப் பழையவை அல்ல. குழந்தை பிறந்ததும் நானும் போய், பேர் வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து இருவரும் திரும்புவது என்பது திட்டம்.

அடுத்த ஞாயிறு மக்கள் ஊரடங்கு. அதற்கு இரண்டு நாள் கழித்து, 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, இருபத்தொரு நாள் என்று அறிவிப்பு வந்தது. நான் எடுத்து வைத்திருந்த ரயில் டிக்கெட்டின் பணம் தானாகவே வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தபோதுதான் மதுரை 460 கிலோமீட்டர் என்பது மனதில் உறைத்தது.

முதலில் தெரிந்த மாற்றம் சத்தம்தான். நங்கநல்லூரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பார்கள், மேலே விமானம் போகும்போது வாக்கியத்தை அப்படியே நிறுத்தி, அது மீனம்பாக்கத்தில் இறங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களுக்கு மூச்சு விடுவதைப் போல. மார்ச் 25 முதல் பயணிகள் விமானம் கிடையாது, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் கிடையாது, ஜி.எஸ்.டி. சாலைக்கு மேலே ஓடும் மெட்ரோவும் கிடையாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டில், பக்கத்துத் தெருவில் யாரோ தேங்காய் உடைப்பது கேட்டது. பின்னிரவு நாலு மணிக்கே குயில் கூவத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கூவலிலும் குரல் ஒரு படி ஏறி, உச்சிக்குப் போய்ச் சட்டென்று நின்றுவிடும். அது முந்தைய ஆண்டுகளிலும் கூவியிருக்கும். நான் மின்விசிறியைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருப்பேன்.

மாலையில் மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே ஒரு வெளிச்சம், அசையாமல், இறங்கவும் செய்யாமல். முதல் நாள் அதை விமானம் என்றே நினைத்து, எந்தச் சரக்கு விமானமோ என்று காத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் அது வெள்ளி என்று புரிந்தது. அந்த ஏப்ரல் முழுக்க வெள்ளி அவ்வளவு பளிச்சென்று இருந்தது. மாதத் தொடக்கத்தில் கார்த்திகை மீன்களை ஒட்டியே நின்றது. மதுரைக்கு போன் போட்டு, நீயும் மாடிக்குப் போய்ப் பார், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். என் வாழ்நாளில் நான் அப்படியெல்லாம் பேசியதில்லை. போனாள். அரை நிமிடத்தில், “கொசு பிடுங்குகிறது, இறங்கிவிட்டேன்” என்றாள்.

உண்மையில் எங்களுக்குப் போனில் பேசவே தெரியவில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு ஆண்டுகள். அதில் சேர்ந்தாற்போல் பத்து நாள் பிரிந்திருந்தது மிகச் சில முறைதான். ஒரே வீட்டில் இருக்கும்போது பேச்சு தேவைப்படவில்லை. குக்கர் எத்தனை விசில், எந்தக் கதவு சாத்தப்பட்டது, யார் எப்போது பெருமூச்சு விட்டார்கள் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். போனில் அதெல்லாம் இல்லை. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீர்களா, போட்டேன். அவள் எப்படி இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு இருவரும் மற்றவர் வைக்கட்டும் என்று காத்திருப்போம்.

அப்படி ஒரு மௌனத்தில்தான், வேறு ஒன்றும் தோன்றாமல், “நம் தெருமுனையில் ஒரு மரம் இருக்கிறதே, அது என்ன மரம்?” என்று கேட்டேன்.

“எந்த மரம்?”

“இலையெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று இருக்கிறது. போன வாரம் மொட்டையாக இருந்தது மாதிரி ஞாபகம்.”

“காய் இருக்கிறதா?”

அடுத்த நாள் காலை பார்த்துவிட்டு வந்து சொன்னேன், தட்டையாக, ஒரு பக்கம் கோணலாக, உள்ளே ஒரு விதை. “புங்கம்” என்றாள் உடனே. “அது தெரியாதா உங்களுக்கு? தினமும் அதன் கீழேதானே வண்டியை நிறுத்துகிறீர்கள்.” அவள் வாடிப்பட்டிப் பக்கத்துக்காரி. அவளுடைய தாத்தா காலத்தில் புங்கந்தழையை வெட்டி வயலில் மிதித்து உரமாக்குவார்களாம், விதையை ஆட்டி விளக்கெரிப்பார்களாம். அன்றைக்கு எங்கள் பேச்சு இருபது நிமிடம் நீண்டது. மறுநாள் அவளாகவே, “இன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டாள்.

அதன் பிறகு வெறுங்கையோடு வீடு திரும்ப முடியவில்லை. கொத்தமல்லியைச் சொல்லவில்லை.

அந்தப் புங்கமரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அந்த இடத்தில் முன்பு பெரிய மஞ்சள் வாகை நின்றது. வர்தா புயல், 2016 டிசம்பர் 12, அதைப் பிடுங்கி ஒருவருடைய காரின் மேல் சாய்த்துவிட்டுப் போனது. சென்னையில் அன்றைக்கு விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. நிழலுக்காகவும் அழகுக்காகவும் நட்ட வெளிநாட்டு மரங்கள்தான் எங்கள் பகுதியில் முதலில் சாய்ந்தன. பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து புங்கங்கன்று நட்டார்கள், கூண்டு வைத்தார்கள். கூண்டுக்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன். என்ன கன்று என்று கேட்டதாக நினைவில்லை. மூன்றே ஆண்டில் அது மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அந்த ஏப்ரல் இரண்டாவது வாரம் பூத்தது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள். மரத்தில் இருக்கும்போது இலைக்குள் ஒளிந்திருக்கும், கீழே உதிர்ந்தால்தான் கண்ணில் படும். சங்கப் புலவர்கள் இந்தப் பூவை நெல்பொரி சிதறியதற்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். வண்டி ஒன்றும் ஓடாத தார்ச்சாலையில் அது நசுங்காமல் கிடப்பதைப் பார்த்தபோது, அவர்கள் உவமையைத் தேடி அலையவில்லை, கண்ணால் கண்டதைச் சொன்னார்கள் என்று தெரிந்தது.

வசந்தத்தைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். சித்திரைக் கடைசியில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடுகிறது. அதை இளவேனில் என்று சொல்ல நல்ல நெஞ்சுரம் வேண்டும். என்னைக் கேட்டால் சென்னையின் வசந்தம் என்பது பங்குனி மட்டுமே, அதுவும் காலை எட்டு மணி வரைக்கும். வேம்பும் புங்கமும் அரசும் பழைய இலையைக் கொட்டிவிட்டு ஒரே வாரத்தில் தளிர்விட்டு நிற்கும். அரசந்தளிர் முதலில் செம்பு நிறத்தில் இருக்கிறது என்பதை ஐம்பத்தேழு வயதில் கவனித்தேன். அந்த மாதம் நமக்குத் திருவிழா மாதம். மயிலாப்பூரில் அறுபத்துமூவரைப் பார்க்க ஆண்டு தவறாமல் போவோம். கூட்டத்தில் தண்ணீர்ப்பந்தல் மோரைக் குடித்துவிட்டு, செருப்பைத் தொலைத்துவிட்டு வருவோம். அந்த ஆண்டு அறுபத்துமூவரும் வெளியே வரவில்லை. மரங்கள் மட்டும்தான் திருவிழாவைத் தள்ளி வைக்கவில்லை.

சரியான பங்குனி அனுபவம் என்றால் வேப்பம்பூதான். விடியற்காலையில் வேப்பமரத்தடியில் நின்றால் தேன் மணம், அதில் மெல்லியதாக ஒரு கசப்பு. இதைச் சொன்னதும் மதுரையிலிருந்து கட்டளை வந்தது. “என்னங்க, பூவைச் சேர்த்து வையுங்கள். ஒரு வருஷத்துக்கு ரசத்துக்கு ஆகும். மரத்தடியில் துணி விரியுங்கள், தரையில் கிடப்பதை அள்ளாதீர்கள்.” என்ன துணி என்று கேட்டேன். பழைய வேட்டி என்றாள். பழைய வேட்டியெல்லாம் மதுரையில் இருக்கிறது என்றேன்.

எங்கள் குடியிருப்பின் பின்புறத்து வேப்பமரத்தடியில் என் நல்ல வேட்டியை இரவே விரித்து நாலு முனையிலும் செங்கல் வைத்தேன். இரண்டாம் தளத்து ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தனிமையில் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் செயலாளரிடம் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். காலையில் வேட்டி நிறையப் பூ, கூடவே காக்கை எச்சம். மாடியில் உலர்த்தி, பூஸ்ட் பாட்டிலில் போட்டு, மூடிமேல் தேதி எழுதி ஒட்டினேன். பூவாக ஒரு முறம் இருந்தது உலர்ந்தபின் இரண்டு கைப்பிடி. ஆறு நாள் விரித்தேன்.

சார்வரி ஆண்டு பிறந்த ஏப்ரல் 14ஆம் தேதிதான் அந்த இருபத்தொரு நாளின் கடைசி நாளும். நாள்காட்டியில் அந்தத் தாளை மடக்கி வைத்திருந்தேன். பச்சடிக்கு வெல்லம் எங்கே இருக்கிறது என்று அலமாரியில் தேடிக்கொண்டிருந்தபோது, மே 3 வரை நீட்டிப்பு என்று தொலைக்காட்சி சொன்னது. வெல்லம் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. மாங்காய், வெல்லம், மிளகாய், புதிதாய் வறுத்த வேப்பம்பூ. பூ கொஞ்சம் தீய்ந்துவிட்டது. ஒரு கிண்ணம் பச்சடியை ஒருவனாக உட்கார்ந்து தின்பது கஷ்டமான காரியம். அது கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டி நக்கிக்கொள்ள வேண்டிய பண்டம்.

மூன்று நாள் கழித்து, 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, நான் கடையிலிருந்து திரும்பும்போது போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு, தாயும் சேயும் நலம். நான் நின்ற இடம் ஒரு பூட்டிய கல்யாண மண்டபத்தின் வாசல். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தெருவில் ஒரு நாயும், குப்பை வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் அம்மாவும் மட்டுமே இருந்தார்கள். அந்த அம்மாவிடம் சொன்னேன். முகக்கவசத்தை இறக்கிச் சிரித்தார். “மகாலட்சுமி வந்திருக்கிறாள் ஐயா, இனிப்பு கிடையாதா?” என்றார். இனிப்புக்கடை ஏது திறந்திருக்கிறது? அடுத்த நாள் பச்சடி போக மிச்சமிருந்த வெல்லத்தில் பாயசம் மாதிரி ஒன்றைச் செய்து தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்புறம் அவரோடு தினமும் இரண்டு வார்த்தை பேசுவேன். ஒரு நாள் புங்கம்பூ எவ்வளவு அழகாகக் கிடக்கிறது என்று நான் தொடங்க, அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, “பூ கொட்டுகிற மாதம் வந்தால் எனக்கு இரண்டு வண்டி கூடுதல் ஐயா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கூட்டத் தொடங்கினார். அன்று மாலை மனைவியிடம் இதையும் சொன்னேன். வெகு நேரம் கழித்து, “அவர் எங்கிருந்து வருகிறார், பஸ் இல்லையே?” என்று கேட்டாள். அதை நான் கேட்டிருக்கவில்லை. மறுநாள் கேட்டேன். மடிப்பாக்கத்துக்கு அந்தப் பக்கமிருந்து நடந்து வருகிறாராம்.

பேத்தியைத் திரையில் பார்த்தேன். எல்லாத் தாத்தாக்களும் அந்த ஆண்டு அப்படித்தான் பார்த்தார்கள், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். குழந்தையின் தலையில் என்ன வாசனை என்று என் மனைவியிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, வசம்பும் பாலும் என்றாள். என் வேப்பம்பூ வர்ணனையை விட அது எவ்வளவோ துல்லியம். தொட்டிலில் போட்ட அன்று என் பங்குக்கு இங்கே எதிர்க்கடையில் கால் கிலோ சர்க்கரை வாங்கிச் சாமி முன்னால் வைத்தேன்.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு. மளிகைக்கடையும் கிடையாது, ஆகவே மஞ்சப்பைக்கும் வேலை கிடையாது. அந்த நாலு நாளும் மொட்டை மாடியில் நடந்தேன்; தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நாற்பது சுற்று. கூண்டில் அடைத்த கரடி மாதிரி. மாடியிலிருந்து பரங்கிமலையைப் பார்க்கலாம், புறாக்களைப் பார்க்கலாம், எதிர்மாடியில் அதே மாதிரி சுற்றுகிற இன்னொரு கரடியைப் பார்க்கலாம். மாலையில் போனில் சொல்ல அன்றைக்கு ஒன்றும் இல்லை என்றதும் அவள், “சரி, நான் சொல்கிறேன்” என்று குழந்தை எத்தனை முறை தும்மியது என்று சொன்னாள். ஒன்பது.

ஒரு விஷயத்தை அவளிடம் கடைசி வரை சொல்லவில்லை. எனக்கு அந்த நடை பிடித்திருந்தது. அவளும் மகளும் பேத்தியும் அருகில் இல்லை என்ற ஏக்கம் மெய். அந்த ஏக்கத்தோடு கிளம்பி, தெருமுனை திரும்பியதும் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து என்னை லேசாக்கிவிட்டதும் மெய். கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பரவி, மே 5ஆம் தேதி அதை மூடினார்கள். தினமும் மாலை எண்ணிக்கை வரும், எங்கள் பக்கத்துத் தெருவில் தகரம் அடித்தார்கள். அதற்கு நடுவில் ஒருவன் குக்குறுவான் எங்கே உட்கார்ந்து கத்துகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பாத்திரக்கடையில் செம்பு தட்டுவது மாதிரி டொக், டொக், டொக் என்று விடாமல் கத்தும். போனிலேயே அதைக் கேட்டுவிட்டு அவள், “யார் வீட்டில் காலங்காலையில் பட்டறை போடுகிறார்கள்?” என்றாள்.

மே மாதத்தில் ஒரு காலை, நடையை நீட்டி ஜி.எஸ்.டி. சாலை வரைக்கும் போனேன். முதுகில் மூட்டையும் கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் கிண்டிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகள். ரயில் விடுகிறார்களா என்று இந்தியும் தமிழும் கலந்து ஒருவன் கேட்டான். சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியிருந்தன, ஆனால் எப்போது, எங்கிருந்து என்று எனக்குத் தெரியாது. பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தேன். அப்புறம் கொஞ்ச நாள் நான் கொத்தமல்லியை எதிர்க்கடையிலேயே வாங்கினேன்.

மே 25ஆம் தேதி மீண்டும் விமானம் வந்தது. பேச்சை நடுவில் நிறுத்தும் பழக்கம் இரண்டு மாதத்தில் போயிருந்தது, போனில் நான் பேசிக்கொண்டே போக, அவள் “என்ன, என்ன?” என்றாள். ஜூனில் மதுரையிலிருந்து விழுப்புரம் வரை ரயில் வந்தது, சென்னைக்குள் வரவில்லை. அந்த மாதத்தில் சென்னைக்காரன் என்றால் வெளியூரில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்ற நிலைமை. இ-பாஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. ஆகஸ்டில் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் என்றான பிறகு நான் கேட்கவில்லை. நோயைக் கொண்டுபோய்க் குழந்தையிடம் கொடுத்துவிடுவேனோ என்ற பயம். செப்டம்பர் 7ஆம் தேதி ரயில்கள் ஓடத் தொடங்கின. அந்த வாரமே அவள் வந்து இறங்கினாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, இளைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் சமையலறையைச் சோதனை போட்டாள். பூஸ்ட் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள், உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தாள். “காம்பை எடுக்கவே இல்லையே” என்றாள். அன்று மாலை முழுவதும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காம்பு பொறுக்கினாள்.

இப்போது காலையில் இருவரும் சேர்ந்து நடக்கிறோம், பையில்லாமல். அவள் வேலைக்கார அம்மா வராததைச் சொல்லுவாள், நான் குடியிருப்புச் சங்கத்துக் கணக்கைச் சொல்லுவேன். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். தாத்தாவோடு வீடியோவில் பேச அவளுக்கு நேரமில்லை. இந்தப் பங்குனியில் புங்கம் பூத்ததை நான் பார்க்கவில்லை. நடந்து முடித்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள், “என்ன இது, அடியெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது” என்று என் செருப்பைத் தட்டினாள். நாலைந்து பூ உதிர்ந்தது. எப்போது மிதித்தேன் என்று தெரியவில்லை.

உள்ளே போனவள், “வரும்போது கொத்தமல்லி வாங்கச் சொன்னேனே” என்றாள். மறந்துவிட்டேன். மஞ்சப்பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். எதிர்க்கடை திறந்துதான் இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துக் கட்டைக் கையில்கூட எடுத்துவிட்டார். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, ரயில் நிலையத்தைப் பார்க்க நடந்தேன்.